மாப்பிள்ளையை முன்னால் விட்ட சரிவு

வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணி. மவுண்ட் ஆல்பர்ட்.

ஆக்லாந்தில் பனி விழாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து வருகிறவர்கள் விமானத்தைவிட்டு இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வியே "பனி எங்கே?" என்பதுதான். இங்கே ஆகஸ்டுதான் குளிர்காலம்; அப்போது எங்கள் பேட்டையில் மழை இருக்கும், மரவீட்டுச் சுவரில் பூஞ்சை இருக்கும், ரயிலடியில் குடையோடு மல்லுக்கட்டுகிற ஆட்கள் இருப்பார்கள். பனி வேண்டுமென்றால் தெற்கே முந்நூற்று முப்பது கிலோமீட்டர் போல கார் ஓட்டியாக வேண்டும். அன்று அதற்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தோம்.

நாங்கள் நான்கு பேர். நான் கோமதி, மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். என் கணவர் முருகேசன், கம்ப்யூட்டர் வேலை. சாண்ட்ரிங்ஹாமில் இருக்கும் சுபா, யாழ்ப்பாணத்துப் பெண், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, என் மலைத்துணை. நான்காவது ஆள்தான் இந்தப் பயணத்தின் நாயகர்: என் கணவரின் அக்கா செண்பகத்தைக் கட்டியவர், பாளையங்கோட்டையில் உடற்கல்வி ஆசிரியர், பெயர் சண்முகவேல். என் கணவருக்கு அவர் அத்தான். எனக்கு அண்ணாச்சி. எங்கள் மொத்தக் குடும்பத்துக்கும் அவர் ‘மாப்பிள்ளை.’ அந்த ஒரு சொல்லின் கனம் தெரிந்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை; தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

அண்ணாச்சி தங்கமான மனிதர். குடிக்க மாட்டார், கோபித்துக் கத்த மாட்டார். ஆனால் மரியாதையில் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் போதும், வாயை மூடிக்கொள்வார். எங்களிடம் இல்லை, மனைவியிடம், அதாவது என் மதினியிடம். என் கொழுந்தன் கல்யாணத்தில் யாரோ ஒரு மடையன் இவரை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டான். அதற்குப் பாளையங்கோட்டை வீட்டில் ஒரு மாதம் பேச்சில்லை. தப்பு பந்தி பரிமாறியவன்மேல், தண்டனை செண்பகம் மதினிக்கு. அதிலிருந்து எங்கள் வீட்டில் அவரிடம் யாரும் ‘வேண்டாம்’ என்று சொன்னதில்லை. என் கணவர் இருக்கிறாரே, அத்தான் கேட்டால் ஆக்லாந்துத் துறைமுகத்தைக்கூடப் பெயர்த்துக் கொடுக்கப் பார்ப்பார். அக்காமேல் அவ்வளவு பாசம்.

அவர் கேட்டதென்னவோ ஒன்றே ஒன்றுதான். பனிக்காலத்தில் டோங்காரிரோ எரிமலைமேல் ஏறி, முகட்டில் நின்று, மறுபக்கம் இருக்கும் சிவப்புக் குழி என்கிற எரிமலை வாயைப் பார்க்க வேண்டும். ஆசைப்படத் தகுதியான ஆள்தான். வருஷம் தவறாமல் பொதிகை மலைக்கு நடக்கிறவர், ஐம்பத்தாறு வயதிலும் என் கணவரைவிட வேகமாகப் படியேறுவார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விமானம். ஆகவே சனிக்கிழமைதான் மலை என்று முடிவானது. கவனியுங்கள், நாளைக் குறித்தது வானிலை இல்லை, விமான டிக்கெட். எங்கள் முதல் தப்பு அது.

நானும் சுபாவும் போன குளிர்காலத்தில் பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பு முடித்தவர்கள். அந்த வகுப்பில் தமிழச்சிகள் நாங்கள் இரண்டே பேர். பெருமையடிக்கிறாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை. பனிக்குள் புதைத்து வைத்த பையைத் தேடித் தோண்டி எடுக்கும் பயிற்சியில், தாடி வைத்த ஆறடி ஆண்கள் தெற்கு வடக்கு தெரியாமல் நின்றபோது, முதலில் பையைத் தொட்டது சுபாவின் கம்பி, முதலில் வெளியே இழுத்தது என் கை. அன்று சாயங்காலம் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன்.

இந்த வித்தைக்கு மூன்று சாமான் வேண்டும். மார்பில் கட்டிக்கொள்ளும் சிக்னல் கருவி, குத்திப் பார்க்க மடக்குக் கம்பி, தோண்ட ஒரு ஷவல். பனிக்குள் ஒருவர் புதைந்தால் மற்றவர்களின் கருவி அவருடைய சிக்னலைப் பிடித்து வழிகாட்டும். கால் மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்க வாய்ப்பு. உதவிக்கு ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க முடியாது. கூட வந்தவர்கள்தான் தோண்ட வேண்டும். கார் ஷெட்டில் இதையெல்லாம் அண்ணாச்சிக்கு விளக்கி, "நீங்க புதைஞ்சா முதல்ல தேடுறது சுபா" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, போனில் வீடியோ அழைப்பில் இருந்த மதினி பதறிவிட்டார். புறப்படும்போது ‘எங்கே போகிறாய்’ என்றுகூடக் கேட்கக்கூடாத குடும்பம் எங்களுடையது. அங்கே நின்று நான் புதைவது, தோண்டுவது, மூச்சு நிற்பது என்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

"கெளம்புத நேரத்துல வாயில நல்ல வார்த்தை வராதா கோமதி?" என்றார் மதினி. பிறகு அவசரமாக, பின்னாலிருந்த முருகன் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்னத்தைச் சொல்வது? மலையில் கெட்டதை வாய்விட்டுச் சொல்லிவைப்பதுதான் பாதுகாப்பு. எங்கள் ஊரில் கெட்டதை வாயால் சொல்லாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. இரண்டுக்கும் நடுவில் கார் புறப்பட்டது.

மாலை ஏழு மணி. நேஷனல் பார்க்.

ஊரின் பெயரே நேஷனல் பார்க். ஒரு பெட்ரோல் பங்க், ரயில் நிலையம், சில தங்கும் விடுதிகள், அவ்வளவுதான் ஊர். வழியில், ஆக்லாந்தின் தெற்கு எல்லையில் உள்ள பாம்பே ஹில்ஸ் தாண்டும்போது "இதுதானா பம்பாய்?" என்று வழக்கமாக எல்லோரும் சொல்கிற ஜோக்கை அண்ணாச்சியும் சொன்னார், வழக்கம்போல என் கணவர் மட்டும் சிரித்தார். டெ குயிட்டியில் டீ குடித்தோம். அதற்குப் பிறகு பாதை மலைகளுக்குள் வளைந்துவளைந்து போகிறது. டௌமருனுயி தாண்டியதும் வெளியே குளிர் சட்டென்று இறங்கியது காரின் கண்ணாடியிலேயே தெரிந்தது.

சாமான் வாடகைக்குத் தரும் கடை விடுதியை ஒட்டியே இருக்கிறது. சிக்னல் கருவி, கம்பி, ஷவல் மூன்றும் சேர்த்து ஓர் ஆளுக்கு நாற்பத்தைந்து டாலர். காலணியில் பூட்டும் முள்தகடும் பனிக்கோடாலியும் தனி. கடையில் இருந்த பெண் மாவோரி. கனத்த குரல், நிதானமான பேச்சு. இரண்டு நாள் முன்பு வடக்கிலிருந்து பலத்த காற்று அடித்ததாகவும், தெற்கு பார்த்த சரிவுகளில் பனி குவிந்திருக்கும் என்றும் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: டோங்காரிரோவை ஒட்டி நிற்கும் ஙௌருஹோ சிகரம் தங்களுக்கு மூதாதை, உச்சியில் கால் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அண்ணாச்சிக்கு விளங்கிவிட்டது. பொதிகையை அகத்தியராகப் பார்க்கிறவருக்கு இது புரியாதா? ஜன்னல் வழியே இருட்டில் மலை இருந்த திசையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கைகூப்பினார். கடைக்காரப் பெண்ணின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது எங்கள் மாப்பிள்ளைமேல் எனக்கே பெருமை பொங்கியது.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேசையில் வரைபடத்தை விரித்தேன். பனிச்சரிவு அபாயத்தை இந்நாட்டில் ஒவ்வொரு மலைக்கும் இணையத்தில் அறிவிக்கிறார்கள். ஒன்று முதல் ஐந்து வரை படிகள். அடுத்த நாளுக்கு இரண்டாவது படி, அதாவது மிதம். ஆனால் கீழே குறிப்பு ஒன்று இருந்தது: உயரத்தில், காற்று பனியைக் கொண்டுவந்து சேர்த்த சரிவுகளில் எச்சரிக்கை தேவை.

மேசையில் ஆண்கள் இருவருக்கும் சொன்ன விளக்கத்தை இந்த இடத்தில் வாசகருக்கும் சொல்கிறேன். பனிச்சரிவு என்றால் சினிமாவில் வருகிறமாதிரி எங்கிருந்தோ தானாக உருண்டு வருவது என்று நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை. பழைய பனி வெயிலிலும் குளிரிலும் மாறிமாறி இறுகி வழவழவென்று கிடக்கும். அதன்மேல் காற்று புதுப்பனியைக் கொண்டுவந்து பலகைபோல அடுக்கும். எண்ணெய் அதிகமான கல்லில் தோசை ஒட்டாமல் வழுக்குமே, அதுதான் சங்கதி. பலகை ஒட்டாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். ஒரு மனிதனின் எடை விழுந்ததும் மொத்தமாக நழுவும். ஆகவே அநேகமாக அதைக் கிளப்பிவிடுகிறவர் அதன்மேல் நடக்கிறவரே.

சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கால் வைக்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லியிருந்தேன். கடைசியாக எங்கள் விதியைச் சொன்னேன். வகுப்பில் படித்தது. மலையில் ஒருத்தர் ‘வேண்டாம்’ என்றால் எல்லோருக்கும் வேண்டாம். ஓட்டெடுப்பு கிடையாது, காரணம் கேட்கக் கூடாது, மனவருத்தம் கூடாது. நான்கு பேரும் சம்மதம் என்று வாயால் சொல்ல வேண்டும். சுபா ஓம் என்றாள். என் கணவர் ஆமாம் என்றார். அண்ணாச்சி இது பஞ்சாயத்தே இல்லாத பஞ்சாயத்தாக இருக்கிறதே என்று சிரித்தபடி சம்மதித்தார். ஒருவர்கூட அதைப் பயன்படுத்தப்போவதாக நினைக்கவில்லை.

சனிக்கிழமை, காலை. மங்காடெபோபோ.

இருள் பிரியும்போதே நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். வெயில் ஏறினால் பனி இளகும் என்பது பாலபாடம். ஆனால் மாப்பிள்ளை வெறும் வயிற்றோடு மலையேறலாமா? என் கணவர் விடுதிச் சமையலறையில் பொங்கல் வைத்தார். நெய், மிளகு, முந்திரி, ஒரு குறையில்லை. அண்ணாச்சி குளித்துத் திருநீறு பூசாமல் படி தாண்ட மாட்டார். விடுதியிலோ வெந்நீர் வர யோசித்தது. மலைநடை தொடங்கும் மங்காடெபோபோ பள்ளத்தாக்கின் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்ச் சேர ஒன்பதரை ஆகிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுபா என் கையை அழுத்தி, "விடுங்கோ அக்கா, பாதை எப்பிடியிருக்கெண்டு பாப்பம்" என்றாள்.

கார் நிறுத்துமிடத்தில் கருவிகளைச் சோதித்தோம். ஒவ்வொருவராகச் சுபாவைத் தாண்டி நடக்க வேண்டும். அவளுடைய கருவி கீச்சிட்டால் நம்முடையது வேலை செய்கிறது என்று அர்த்தம். அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்தி அணிவகுப்பு நடைபோட்டுக் கடந்தார். அவருடையது நன்றாகவே கீச்சிட்டது.

பள்ளத்தாக்கு நெடுக நடை சுலபம். காய்ந்த புல்லும் கறுத்த எரிமலைக் கற்களும்; நடுவில் ஓடை; வலப்பக்கம் முழுக்க வெள்ளை போர்த்திய ஙௌருஹோ. நான் ஆறு குளிர்காலமாகப் பார்க்கிறேன், இன்னும் நின்று பார்க்காமல் தாண்ட முடிவதில்லை. எங்கள் ஊர் வெயிலில் கருகி வளர்ந்த ஒருத்தி, முதுகில் ஷவல் கட்டிக்கொண்டு, காலில் முள்தகடோடு இந்த மலைக்கு வந்து போகிறாள் என்பதை நினைத்தால் எனக்கு என்மேல் கொஞ்சம் கர்வம் வரத்தான் செய்கிறது. வந்தால் வரட்டும்.

பள்ளத்தாக்கு முடிகிற இடத்தில் செங்குத்தான ஏற்றம். அங்கே முள்தகடு பூட்டிக்கொண்டோம். அண்ணாச்சி ஒரே தடவை சொல்லிக்கொடுத்ததில் பிடித்துக்கொண்டார். கால் அகட்டி, பாதம் முழுக்கப் பதித்து, அழகாக ஏறினார். என் கணவர்தான் சொந்தக் கால்சட்டையிலேயே முள்ளை மாட்டிக் கிழித்துக்கொண்டார். மேலே ஏறியதும் பரந்த சமதளம், தெற்குக் குழி என்கிற பழைய எரிமலை வாய். அகலமான வெள்ளை மைதானம், காற்றில்லை, எங்கள் காலடியின் கறுக்மொறுக் மட்டும். அண்ணாச்சி நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, செண்பகத்தைக் கூட்டி வந்திருக்கலாம் என்று மெல்லச் சொன்னார்.

நண்பகல் தாண்டி. சரிவு.

மைதானத்தின் மறுகோடியில்தான் அந்தச் சரிவு. அதைக் குறுக்காக ஏறினால் முகடு. முகட்டிலிருந்து சிவப்புக் குழி. கோடையில் குழந்தைகள்கூட ஏறுகிற இடம். குளிர்காலத்தில் அதே இடம் வேறு. தெற்கு பார்த்த முகம். கடைக்காரப் பெண் சொன்னதே நினைவில் ஓடியது. பனியின் மேற்பரப்பு வழவழவென்று, உப்பலாக, அதிகப்படி அழகோடு கிடந்தது. கம்பியைச் செருகிப் பார்த்தேன். மேலே கொஞ்ச ஆழத்துக்குக் கெட்டி, அதன்கீழ் ஒரு மெத்து, அதற்கும் கீழே கல்போல இறுக்கம். எனக்குப் பிடிக்கவில்லை. சுபாவிடம் காட்டினேன். அவளும் முகம் சுளித்தாள். ஓரமாகப் பாறை தெரிகிற பக்கம் பனி எப்படி என்று பார்த்துவிட்டு வருகிறோம், அதுவரை நில்லுங்கள் என்று ஆண்கள் இருவரிடமும் சொல்லிவிட்டு நாங்கள் இடதுபக்கம் போனோம்.

அந்தச் சில நிமிஷத்தில் நடந்ததுதான் எங்களவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. நான்கு ஐரோப்பியர்கள் நின்றிருந்தால் யாரும் யாரையும் உபசரித்திருக்க மாட்டார்கள். என் கணவரோ குளிரில் நிற்கும் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை முகட்டைப் பார்த்தார். "நீங்க முன்னால போங்க அத்தான்" என்று கையைக் காட்டி வழிவிட்டார் என் கணவர். பந்தியில் முதல் இலை, காரில் முன்சீட், பூசையில் முதல் தட்டு, அதே பழக்கத்தில் பனிச்சரிவிலும் முதல் அடி. அதோடு விட்டாரா? மாப்பிள்ளையைத் தனியாக அனுப்புவது மரியாதையில்லை என்று தானும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனார். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே சரிவில் இருக்க வேண்டும் என்பது எங்கள் இரவுப் பாடத்தின் முதல் வரி. உபசாரம் அதைச் சாப்பிட்டுவிட்டது.

நான் திரும்பிப் பார்த்தபோது அண்ணாச்சி சரிவின் நடுவை நெருங்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தச் சத்தம். உரக்க இல்லை. நெல்மூட்டையைத் தரையில் பொத்தென்று போட்டமாதிரி, காலுக்கடியில், வயிற்றுக்குள் கேட்கிற சத்தம். பலகை உட்காரும் ஒலி. வகுப்பில் இதைக் கேட்டால் அடுத்த அடி வைக்காதே என்று சொல்லியிருந்தார்கள். அண்ணாச்சியின் காலணி முனையிலிருந்து மேல்நோக்கி, சுவரில் விழும் வெடிப்பைப்போல, மெல்லிய கோடு ஒன்று ஓடியது.

அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"நில்லுங்க! ஒரு அடி வைக்கக் கூடாது!"

எங்கள் குடும்பத்துச் சரித்திரத்தில் மருமகள் ஒருத்தி வீட்டு மாப்பிள்ளையை அதட்டியது அதுதான் முதல்முறையாக இருக்கும். அவர் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரண்டாம் பந்தி முழுசாகத் தெரிந்தது. எனக்குள் இரண்டு பயம் ஒரே நேரத்தில் எழுந்தன; ஒன்று பனியை நினைத்து, மற்றது பாளையங்கோட்டை வீட்டுச் சமையலறையில் பேச ஆளில்லாமல் நிற்கப்போகும் மதினியை நினைத்து. முதல் பயம் ஜெயித்தது. முதலில் என் கணவரைத் தன் காலடித் தடத்திலேயே மெதுவாகத் திரும்பி வரச் சொன்னேன். அவர் பாறைப்பக்கம் வந்து சேர்ந்த பிறகு அண்ணாச்சியையும் அதேபோல வரச் சொன்னேன்.

அண்ணாச்சி அசையவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், முகடு அந்தா தெரிகிறது, அறிவிப்பில் இரண்டாவது படி என்றுதானே போட்டிருக்கிறது என்றார். குரல் உயரவில்லை. பிறகு என்னைத் தாண்டி என் கணவரைக் கேட்டார்.

"நீ என்ன சொல்லுத மச்சான்?"

முருகேசன் என்னைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். அவர் கண்ணில் அக்கா நின்றுகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். சுபா சத்தமாகச் சொன்னாள்: "நானும் வேண்டாமெண்டுதான் சொல்லுறன். திரும்பி வாங்கோ." நான் மறுபடி சொன்னேன், ஒருத்தர் வேண்டாம் என்றால் எல்லோருக்கும் வேண்டாம், நீங்களும் சம்மதம் சொன்னீர்கள் என்று. பிறகு என் கணவர் தொண்டையைச் செருமினார்.

"வந்துருங்க அத்தான். கோமதி சொன்னா சொன்னதுதான்."

கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் எத்தனையோ திட்டியிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக அத்தனையையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அத்தானிடம் அவர் சொன்ன முதல் ‘வேண்டாம்’ அது. அண்ணாச்சி தன் தடத்தில் கால் வைத்து, ஒவ்வோர் அடியாகத் திரும்பி வந்தார். வெடிப்புக் கோடு அதற்குமேல் விரியவில்லை. பலகை நழுவவில்லை.

நழுவவில்லை என்பதுதான் சங்கடம். நாங்கள் பாறையருகே தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளூர் இளைஞர்கள் இருவர் வந்தார்கள். நான் சத்தத்தையும் வெடிப்பையும் சொன்னேன். நன்றி சொன்னார்கள், நின்று பார்த்தார்கள், தங்களுக்குள் பேசினார்கள். பிறகு பெரிய இடைவெளி விட்டு ஒருவர் பின் ஒருவராக, கொஞ்சம் மேலே தள்ளி, அதே சரிவைக் கடந்து முகட்டில் ஏறிக் கையாட்டினார்கள். அண்ணாச்சி அதைக் கடைசிவரை பார்த்தார். பனிமலையில் இதுதான் கொடுமை. திரும்பி வந்தவரிடம், நீ செய்தது சரி என்று மலை ஒருநாளும் வந்து சொல்லாது. அவர்கள் கடந்தது அவர்கள் அதிர்ஷ்டமா, நான் பயந்தது என் அவசரமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனாலும் அதே இடத்தில் அதே சத்தம் மறுபடி கேட்டால் மறுபடி கத்துவேன்.

இறங்கும் வழியெல்லாம் அண்ணாச்சி கடைசியில் வந்தார். ஒரு வார்த்தை இல்லை. சப்பாத்திச் சுருளை நீட்டினால் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

மாலை ஐந்து மணி. டௌமருனுயி தாண்டி.

என் கணவர் ஓட்டினார், அண்ணாச்சி முன்சீட்டில், நானும் சுபாவும் பின்னால். எனக்கு மதினி நினைப்பாகவே இருந்தது. நான் காப்பாற்றினேனா, இல்லை மதினியின் ஒரு மாதத்தைப் பறித்துவிட்டேனா? அப்போது பார்த்துக் காரின் ஸ்பீக்கரில் போன் மணி அடித்தது. திரையில் ‘அக்கா’. பாளையங்கோட்டையில் காலை பத்தரை மணி, சமையல் முடித்து உட்காரும் நேரம். எடுக்காமல் விட்டால் பயந்துபோவார். என் கணவர் பொத்தானை அமுக்கினார்.

உச்சி வரைக்கும் போனீர்களா, குளிர் அதிகமா, சாப்பிட்டீர்களா என்று மதினியின் கேள்விகள் காரை நிறைத்தன. ஆளாளுக்கு ஜன்னலைப் பார்த்தோம். பதில் சொன்னது அண்ணாச்சி.

"போகல செம்பா. பாதியில உன் தம்பி பொண்டாட்டி அதட்டி நிப்பாட்டிட்டா."

மதினி என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். பேச்சில்லாத அடுத்த மாதம் தொடங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அண்ணாச்சி கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். சாலையையே பார்த்துக்கொண்டு பேசினார், நிறுத்தி நிறுத்தி, எங்களிடம் சொல்வதுபோல இல்லாமல்.

"நல்லவேளை நிப்பாட்டுனா. மொத அடி வைக்கும்போதே எனக்குப் பயந்தான். காலு ரெண்டும் நடுங்குது. முன்னால போங்கன்னு மரியாதையா வழிவிட்டு நிக்கான் உன் தம்பி. நான் எப்படி மாட்டேன்னு சொல்ல? மாப்பிள்ளையாச்சே. யாராவது வேண்டாம்னு சொல்ல மாட்டாங்களான்னு நெனச்சுக்கிட்டேதான் ஒவ்வொரு அடியும் வச்சேன்."

என் கணவர் காரை மெல்ல ஓரமாக நிறுத்தினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெரிய மனிதரின் முகச்சுளிப்பு என்று வழியெல்லாம் நான் சுமந்து வந்தது, பயத்தை விழுங்கிய மனிதரின் மௌனம். எத்தனை பந்தியில், எத்தனை மேடையில் இந்த மனிதரை இப்படி முன்னால் தள்ளி, பின்னால் வரவே முடியாமல் செய்திருப்போம் என்று தோன்றியது. அன்று மலையில் நான் பார்த்த தைரியங்களில் எல்லாவற்றையும்விடப் பெரியது காருக்குள் வைத்துத்தான் நடந்தது.

ஸ்பீக்கரில் மதினி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"கோமதி, நெசமாவே அதட்டினியா?"

"ஆமா மதினி. நல்லாவே."

அவர் சிரிப்பதுபோலத் தொடங்கினார், முடிக்கவில்லை. அடுத்துச் சொன்னது எனக்கு இல்லை.

"இத்தன வருசத்துல பயம்னு ஒரு வார்த்தை உங்க வாயில வந்ததில்லயே. முன்னாடியே சொல்லியிருந்தா, நான் பயந்த அன்னைக்கெல்லாம் உங்ககிட்ட சொல்லியிருப்பேன்லா."

அண்ணாச்சி ஸ்பீக்கரை அணைத்து, போனைக் கையில் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு காரைவிட்டு இறங்கினார். வேலியோரம், பசுமாடுகளுக்கு முதுகைக் காட்டி நின்று பேச ஆரம்பித்தார். நாங்கள் மூவரும் காருக்குள் காத்திருந்தோம். சுபா கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தாள். வெளியே நன்றாக இருட்டிக்கொண்டு வந்தது, குளிரில் அவருக்குக் காது சிவந்திருக்கும். கூப்பிடட்டுமா என்று கணவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

இரவு பாம்பே ஹில்ஸ் ஏறி இறங்கியதும் ஆக்லாந்தின் விளக்குகள் தெரிந்தன. எங்கள் ஊரும் எரிமலைகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மவுண்ட் ஆல்பர்ட்டே ஒரு பழைய எரிமலைதான். பனி விழாத, புல் முளைத்த, மாலையில் நாயோடு நடக்கிற எரிமலை. மருத்துவமனையில் திங்கட்கிழமை கேட்டார்கள், சிவப்புக் குழியைப் பார்த்தாயா என்று. இல்லை, பாதியில் திரும்பிவிட்டோம் என்று சொன்னேன். உச்சியைத் தொட்ட எந்தப் பயணத்தையும் நான் இவ்வளவு தலைநிமிர்ந்து சொன்னதில்லை.